இளஞ்சிறார் படிப்பார்வமும் தமிழ்க் குழந்தை இலக்கியமும்

1. முன்னுரை

எழுத்தறிவு வேறு, படிப்பார்வம் வேறு. எழுத்துகளைக் கண்டு ஒலிக்கவும், ஒலித்தவற்றைக் கூட்டிச் சொல்லாக்கவும் வல்ல குழந்தை எழுத்தறிவு பெற்றதாகும். ஒருவரும் ஏவாமலே நூலை நாடிச் சென்று, படித்து முடித்தபின் மீண்டும் வேண்டும் என விரும்பும் குழந்தையே படிப்பார்வம் பெற்றதாகும். முன்னதைப் பள்ளி அளித்தல் கூடும். பின்னதன் வித்து, பள்ளிக்குச் செல்லுமுன்னரே, பெரியோர் மடியில் அமர்ந்து கதை கேட்கும் பருவத்தில் ஊன்றப்படுவது. ஆதலின் படிப்பார்வத்தின் தோற்றத்தை ஆராய்வார் கண்ணிலிருந்து தொடங்காமல் செவியிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

தமிழ்க் குழந்தை இலக்கியம் பற்றி இதுகாறும் வெளிவந்துள்ள ஆய்வுகளுட் பல, ஆசிரியர் வரலாறாகவோ நூற்பட்டியலாகவோ கருத்துத் தொகுப்பாகவோ அமைந்துள்ளன. ஒரு தொகுதியில் நாட்டுப்பற்றுக் கூறும் பாடல்கள் எவை, தூய்மை கூறும் பாடல்கள் எவை, உயிரிரக்கம் கூறும் பாடல்கள் எவை என்று பகுத்துக் காட்டுவதோடு அவை நிறைவுறுகின்றன. அப்பகுப்பு வேண்டற்பாலதே. ஆயினும், குழந்தை ஒரு பாடலை மீண்டும் மீண்டும் கேட்க விரும்புவதற்கும், மற்றொன்றைக் கேட்டு முகம் திருப்புவதற்கும் அப்பனுவலின் அமைப்பில் உள்ள காரணம் யாது என்னும் வினா அங்கு எழுவதில்லை. பெரியோர்க்குரிய இலக்கியத்தை ஆராயுங்கால் தொடையும் நடையும் உத்தியும் நோக்கும் நாம், சிறார்க்குரியதை ஆராயுங்கால் கருத்தை மட்டும் நோக்கி அமைதல் பொருந்தாது.

குழந்தையைக் கேட்போராக மட்டும் நிறுத்தாமல், உடன் சொல்வோராகவும் ஆக்கும் பனுவலே படிப்பார்வத்தை விளைக்க வல்லது என்பது இக்கட்டுரையின் கருத்து. வாய்மொழிக் கதை, நீதிநூல், உரைநடைக் கதை, பாடல், இதழ் என்னும் ஐவகையிலிருந்தும் சில சான்றுகளைக் கொண்டு இக்கருத்து ஈண்டு ஆராயப்பெறும்.

2. செவிலி உரையும் பிள்ளைத்தமிழும்

கதை கூறுதலைத் தமிழ் இலக்கண மரபு புறக்கணிக்கவில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின் நிலைக்களன்களாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழினை எண்ணுகிறார். உரையினை வகுக்கும் இடத்து, உண்மைப் பொருள் இன்றிப் புனைந்து கூறுவதனையும், நகை விளைக்கும் மொழியினையும் அதன் வகைகளாகக் கொள்கிறார். பின்னர் அவ்வுரையை இரு கூறாக்கி, ஒன்றனைச் செவிலிக்கு உரியதாகவும், மற்றதனை எவர்க்கும் விலக்கின்றி உரியதாகவும் அமைக்கிறார். செவிலி ஈண்டுத் தலைவியை ஆற்றுவிப்பவளாகவே கருதப்படுகிறாள். தலைவியோ பருவம் எய்தியவள். எனவே இதனைக் குழந்தைக்குக் கதை கூறும் மரபுக்கு நேர்ச்சான்றாகக் கொள்ளல் இயலாது. எனினும், வளர்ப்பவள் வாய்மொழியாக வரும் கதையும் நகையும் உரையின் ஒரு கூறாக இலக்கணத்தில் இடம்பெறத் தகுதியுடையன எனத் தொல்காப்பியர் கொண்டார் என்பது தெளிவு. விடுகதையாகிய பிசியும் அவ்வேழனுள் ஒன்றாதல் இதனோடு வைத்து நோக்கத் தக்கது.

பிற்காலத்தில் பெருகிய பிள்ளைத்தமிழ் நூல்களோ வேறு வகையின. அவற்றுள் குழந்தை உண்டு. ஆனால் குழந்தையாகிய படிப்போர் இல்லை. காப்பு முதலாக எண்ணப்படும் பத்துப் பருவங்களும் குழந்தையின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கி வகுக்கப்பட்டன. செங்கீரை ஆடுதலும், சப்பாணி கொட்டுதலும், தளர்நடையிட்டு வருதலும் பெரியோர் கண்டு மகிழும் காட்சிகளாக அமைகின்றன. அம்புலிப் பருவத்தில் திங்களைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைக்கும் புலவர், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் கையாண்டு வாதிடுகிறார். அவ்வாதத்தின் நுட்பம் கற்றோர்க்கே விளங்கும். தால் என்னும் பருவப் பெயர் நாவினைக் குறிக்கும். நாவை அசைத்துப் பாடுதலின் தாலாட்டு எனப் பெயர் வந்தது என்பர். நாவும் செவியும் கூடிய அவ்வுறவே படிப்பார்வத்தின் முதற்படி. ஆயின் பிள்ளைத்தமிழில் அவ்வுறவு பாடுபொருளாக நிற்கிறதே அன்றி, குழந்தைக்குரிய பனுவலாக மலரவில்லை.

இவ்வாறு, குழந்தையைப் பாடும் இலக்கியம் ஏட்டில் வளர, குழந்தைக்குச் சொல்லும் இலக்கியம் வாய்மொழியாகவே நின்றது. ஏட்டில் சிறார்க்கென அமைந்தவை நீதிநூல்களே. இப்பிரிவினையே இன்றைய குழந்தை இலக்கியத்தின் நிறைகுறைகளுக்குத் தோற்றுவாய் எனலாம்.

3. ஓர் எழுத்து, இரு வழி

வாய்மொழிக் கதையும் நீதிநூலும் குழந்தையை யாங்ஙனம் நோக்குகின்றன என்பதனை ஈகாரம் என்னும் ஓர் எழுத்தைக் கொண்டே விளக்கலாம்.

ஔவையார் பெயரால் வழங்கும் ஆத்திசூடி உயிரெழுத்து வரிசையில் தொடங்கி, எழுத்துக்கு ஒன்றாக அறங்களை அடுக்குகிறது. நான்காம் எழுத்தாகிய ஈகாரத்திற்கு உரியது, பிறர் ஈவதைத் தடுத்தலாகாது என்னும் பொருளுடையது. நூலின் தொடர்கள் மிகக் குறுகியவை. பெரும்பாலானவை ஏவலாகவோ எதிர்மறை ஏவலாகவோ முடிகின்றன. சுருக்கமும் எழுத்து வரிசையும் நினைவிற்குப் பெருந்துணை. திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் உலகநீதியும் மனப்பாடமாயினமைக்கு இவ்வமைப்பே காரணம். ஒருமுறை பதிந்தது வாழ்நாள் முழுதும் நிற்கும். வளர்ந்தபின் பொருள் விளங்கும். அந்நூலின் நோக்கம் அதுவே. அந்நோக்கத்தில் அது முழு வெற்றி பெற்றது என்பதில் ஐயமில்லை.

இனி, தமிழ்நாட்டு வீடுகளில் வழங்கும் ஈயின் கதையைக் காண்போம். ஓர் ஈ தன் பெயரை மறந்துவிடுகிறது. கன்றைக் கேட்கிறது, கன்று அறியாது. கன்றின் தாயைக் கேட்கிறது, அதுவும் அறியாது. பசுவை மேய்க்கும் இடையன், அவன் கையிலுள்ள கோல் என வினா நீண்டுகொண்டே செல்கிறது. ஊருக்கு ஊர் இடையில் வரும் பொருள்கள் வேறுபடும். மரமும் கொக்கும் குளமும் மீனும் வரும். ஒவ்வொரு முறையும் பழைய வரிசை முழுவதும் முதலிலிருந்து திரும்பச் சொல்லப்பட்டு, இறுதியில் புதிய ஒன்று சேர்க்கப்படும். முடிவில் குதிரையைக் கேட்க, குதிரை பல்லைக் காட்டிக் கனைத்துச் சிரிக்கிறது. அச்சிரிப்பின் ஒலியே ஈ. தன் பெயர் கிடைத்த மகிழ்ச்சியில் ஈ பறந்து செல்கிறது.

இக்கதையில் அமைந்த இலக்கிய நுட்பங்கள் மூன்று. ஒன்று, முன்னதன் இறுதி பின்னதன் முதலாகும் அந்தாதி முறை. அந்தாதித் தொடையை யாப்பருங்கலக்காரிகை வழிக் கற்கும் மாணவர், அதன் இன்பத்தை ஐந்து வயதிற்கு முன்னரே நுகர்ந்தவர் ஆகலாம். இரண்டு, வரிசை மீள மீள வருதலின், சொல்வோர் சற்று நிறுத்தினால் குழந்தை தானே அடுத்ததைச் சொல்லும். மூன்று, ஈயின் பெயர் ஈ என்பதைக் குழந்தை முதலிலேயே அறியும், ஈயோ அறியாது. தன்னினும் அறியாத ஒருவர் கதையில் இருக்கக் காண்பது குழந்தைக்குப் பெருமிதம் தருவது. எல்லாரும் தன்னைத் திருத்தும் உலகில், தான் திருத்தத்தக்க ஒருவரை அது காண்கிறது.

ஆத்திசூடியில் குழந்தைக்குரிய செயல் உடன்படுதல்; ஈயின் கதையில் குழந்தைக்குரிய செயல் உடன்சொல்லுதல். இரண்டும் ஒரே எழுத்தைக் கற்பிக்கின்றன. முன்னது எழுத்தை அறத்தின் தலைவாயிலாக்குகிறது. பின்னது எழுத்தையே நகையாக்குகிறது. அறம் பெரிது, ஆயினும் அடுத்த நாளும் அதே எழுத்தை நாடிக் குழந்தை வருமாறு செய்வது நகையே. நாம் செய்த பிழை ஆத்திசூடியை ஏட்டில் எழுதியதன்று. ஈயின் கதையை நெடுங்காலம் ஏட்டிற்குத் தகுதியற்றதாக விட்டதே ஆகும்.

4. பரமார்த்த குரு காட்டும் நெறி

அச்சேறிய உரைநடையில் உடன்சொல்லும் இயல்பை முதலில் மிகுதியாகக் கொண்ட நூல், சிறார்க்கென எழுதப்படாத ஒன்று என்பது வியப்பிற்குரியது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய பரமார்த்த குருவின் கதை, தமிழ் கற்கும் ஐரோப்பியத் துறவியர்க்குப் பயன்படுமாறு எழுதப்பட்டது என்பர். அது 1822இல் பாபிங்டன் என்பவரால் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிடப்பட்டது. பிறகு அது தமிழ்ச் சிறாரின் கதையாகவே ஆயிற்று.

குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனச் சீடர் ஐவர். ஆற்றைக் கடக்க வந்தவர்கள், ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் நனைக்கிறார்கள். நெருப்பு அவியும் ஓசையைக் கேட்டு, ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சுகிறார்கள். பின்னர் அணைந்த அதே கட்டையை நனைத்துப் பார்க்கிறார்கள், ஓசை இல்லை. ஆறு உறங்குகிறது என்று துணிந்து கடக்கிறார்கள். கரையேறியபின் எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, அறுவரில் ஒருவரை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுகிறார்கள்.

ஈயின் கதையில் கண்ட மூன்று இயல்புகளும் ஈண்டும் உள்ளன. எண்ணுதல் மீள மீள நிகழ்கிறது. கொள்ளிக்கட்டை அவியும் ஓசையைக் குழந்தை தன் வாயால் எழுப்பும். சீடர் காணாத ஒன்றைக் குழந்தை காணும். ‘அவன் தன்னை எண்ணவில்லையே’ என்று கூவும். அக்கூவலே திறனாய்வின் முதற்குரல் என்று கூறினும் மிகையாகாது. ஏனெனின், சொல்லப்பட்டதை அப்படியே ஏற்காமல், கதையின் உள்ளே நின்று பிழையைக் கண்டு கூறும் அறிவு அதில் தோன்றுகிறது.

மொழி கற்பிக்கும் நோக்கத்தோடு எழுதியவர் நகையைக் கருவியாகக் கொண்டமையும் எண்ணத்தக்கது. தமிழை அறியாத முதியோர்க்கு எளிய நடையும் நகையும் மீள வருதலும் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். எழுத்துத் தமிழை அறியாத தமிழ்க் குழந்தையின் நிலையும் ஒருவாற்றான் அதுவே. ஆனால், 1826இல் வெளிவந்த தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் போன்ற பாடநூல்களில், கதை சிறார் விரும்புவதாயினும் நடை செறிந்த செந்தமிழாய் அமைந்தது. கதையின் இன்பத்தை ஆசிரியர் விளக்கத்தின் வழியாகவே பெறல் வேண்டியதாயிற்று. நடைக்கும் குழந்தைக்கும் உள்ள தொலைவு, படிப்பார்வத்தின் பெருந்தடையாக அன்று முதல் நிற்கிறது.

5. பாடல் கண்ட மாற்றம்

ஏவலிலிருந்து உரையாடலுக்கு வந்த மாற்றத்தை 20ஆம் நூற்றாண்டுப் பாடல்களில் தெளிவாகக் காணலாம். பாரதியார் (1882-1921) புதிய ஆத்திசூடியில் ஔவையாரின் வடிவத்தைக் கொண்டு கருத்தை மாற்றினார். அகரத்தில் அறத்தை நாடும் பழைய நூலுக்கு மாறாக, அஞ்சாமையை முன் வைத்தார். ஈகாரத்திற்கு அவரும் ஈகையையே கொண்டார். வடிவம் ஏவலாகவே நின்றது. ஆனால் பாப்பாப் பாட்டில் வடிவமும் மாறியது. பாப்பா என்னும் விளி மீண்டும் மீண்டும் வருகிறது. முதற்கண் ஏவப்படுவது விளையாட்டே. குருவியும் கோழியும் காக்கையும் பசுவும் நாயும் குழந்தையின் தோழமைக்கு உரியனவாகக் காட்டப்படுகின்றன. பாட்டின் பிற்பகுதியில் அறிவுரை மிகுகிறது. எனினும் அவ்விளி மறையாமையின், கட்டளை உறவாகவே ஒலிக்கிறது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954) இன்னும் ஒரு படி சென்றார். பசுவையும் கன்றையும் பற்றிய அவருடைய சிறு பாடலில் அறிவுரை ஒன்றும் இல்லை. பசு மேய்கிறது, கன்று துள்ளி வருகிறது, பசு அதனை நக்குகிறது, கன்று பால் குடிக்கிறது. அவ்வளவே. வினைமுற்றுகளை எழுத்து வழக்கில் நிறுத்தாமல், வீட்டில் வழங்கும் வடிவில் அவர் அமைத்தார். பழந்தமிழ்ப் பயிற்சி மிக்க ஒரு புலவர், சிறார்க்குப் பாடுங்கால் அவ்வடிவங்களைத் தயங்காது மேற்கொண்டமை ஆராய்ச்சிக்குரியது. தாய்ப்பாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமலே அப்பாடல் அதனை உணர்த்துகிறது. இதனைக் குறிப்புப் பொருள் என்று பெரியோர் இலக்கியத்தில் போற்றும் நாம், சிறுவர் பாடலில் எளிமை என்று மட்டும் கூறிக் கடந்துவிடுகிறோம்.

அழ. வள்ளியப்பா (1922-1989) உடன்சொல்லும் இயல்பைத் தொடையின் வழிப் பெருக்கினார். ஒரு தட்டில் உள்ள எட்டு லட்டுகளை அண்ணனும் தங்கையும் பகிர்ந்து உண்ணும் அவருடைய பாடல் நன்கு அறியப்பட்டது. அடிதோறும் இறுதியில் டகர ஒற்று இரட்டித்த ஓசையே மீண்டும் மீண்டும் வருகிறது. அவ்வோசையை எதிர்நோக்கும் குழந்தை, அடி முடியுமுன்னரே இறுதிச் சொல்லைத் தானே கூறிவிடுகிறது. பாதி என்பது யாது, மீதி என்பது யாது என்னும் கணக்கும் உள்ளே நிகழ்கிறது. தட்டு வெறுமையாதலோடு பாடலும் முடிகிறது. இயைபுத் தொடை, கதைப் போக்கு, கணக்கு ஆகிய மூன்றும் ஒருங்கே முடிவு பெறும் இவ்வமைப்பு, தேர்ந்த புலமையின் விளைவு. எளிதிற் பாடப்படுவதால் எளிதில் இயற்றப்பட்டது எனக் கருதுதல் தவறு.

6. இரு வழக்கும் இடைவெளியும்

பாடல் செவியைப் பழக்கும். ஆயினும் நூலை நாடச் செய்வது பெரிதும் உரைநடைக் கதையே. தமிழில் இத்துறையில் உள்ள இடர்ப்பாடு தனித்தன்மை உடையது. வீட்டில் ‘இருக்கு’ என்று கேட்ட குழந்தை நூலில் ‘இருக்கிறது’ என்று காண்கிறது. ‘வந்துக்கிட்டிருந்தான்’ என்பது ‘வந்துகொண்டிருந்தான்’ ஆகிறது. ‘ன்னு சொன்னான்’ என்பது ‘என்று சொன்னான்’ ஆகிறது. சிலபோது ‘என்றான்’ எனச் சுருங்குகிறது. சொற்புணர்ச்சி நீங்காது அச்சிட்ட நூலாயின், அறிந்த சொற்களும் அறியாதன போலத் தோன்றும். தன் தாய்மொழி என்று சொல்லிக் கொடுக்கப்படும் மொழி, தாய் பேசும் மொழியாக இல்லாமை கண்டு குழந்தை மருள்கிறது. எழுத்தைக் கூட்டும் உழைப்பும், கூட்டிய சொல்லைப் பொருள் கொள்ளும் உழைப்பும் ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன.

இவ்விடர் தீர்தற்கு நூல்கள் அனைத்தையும் பேச்சு வழக்கில் எழுதுதலே வழி என்பார் ஒரு சாரார். எழுத்து வழக்கைச் சிறிதும் தளர்த்தலாகாது என்பார் மறு சாரார். இவ்விரு சாராரும் குழந்தை தனித்திருந்து படிப்பதாகவே கொண்டு வழக்கிடுகின்றனர். ஆனால் தொடக்கத்தில் குழந்தை தனித்துப் படிப்பதில்லை; பெரியோர் படிக்கக் கேட்கிறது. ‘என்றான்’ என்னும் சொல்லை வீட்டுப் பேச்சில் ஒருபோதும் கேளாத குழந்தை, நாள்தோறும் கதை படிக்கக் கேட்பின், சில திங்களில் அதனைப் பேச்சைப் போலவே இயல்பாக ஏற்கிறது. ஆடும்போது தானே கதைபுனைந்து ‘நரி சொன்னது’ என்று கூறத் தலைப்படுகிறது. எழுத்துத் தமிழ் முதலில் செவிவழிச் சென்று உறவாகி, பின்னர்க் கண்வழி வருமாயின், அது அயல்மொழி போல் தோன்றாது. வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் பின்னர்க் கேள்வியை வைத்தார். குழந்தைப் பருவத்திற்கு அம்முறையை மாற்றி, கேள்வியை முன்னும் கல்வியைப் பின்னும் வைத்தல் பொருந்தும்.

இந்நெறிக்கு ஏற்ற சிறந்த சான்று அம்புலிமாமா இதழ். 1947இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கப்பெற்ற அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை. எனினும் தலைமுறை பலவற்றின் முதற்படிப்பு அதுவாகவே இருந்தது. அதன் மொழி எழுத்து வழக்கே. ஆயினும் அதில் தொடர்ந்து வந்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளின் சட்டகம் ஒவ்வொரு திங்களும் மாறாது வரும். மன்னன் மரத்திலிருந்து உடலைத் தோளிலிட்டு நடக்கிறான்; வேதாளம் கதை கூறி வினா எழுப்புகிறது; மன்னன் விடை கூற வாய் திறந்ததும் அது மீண்டும் மரமேறுகிறது. தொடக்கமும் முடிவும் மனப்பாடமாகிவிட்டமையின், அவ்விரு பகுதிகளையும் எழுத்தறியாக் குழந்தையும் ‘படிக்கும்’. நடுவில் வரும் கதையே புதியது. அறிந்ததன் நடுவே அறியாததை வைக்கும் இம்முறை, எழுத்து வழக்கின் கடுமையைத் தணித்தது. வேதாளத்தின் வினா மன்னனுக்கு மட்டும் உரியதன்று. விடையை மன்னன் கூறுமுன் குழந்தை கூற முயலும். திங்களைக் குழந்தையோடு விளையாட அழைத்த பிள்ளைத்தமிழின் அம்புலி, இவ்விதழின் பெயராக மாறிக் குழந்தையின் கைக்கே வந்தது எனலாம்.

7. தடையும் விடையும்

‘அறம் கூறாத கதையால் பயன் யாது? உள்ளம் இளகிய பருவத்தில் நீதியை ஊன்றாவிடின் எப்போது ஊன்றுவது?’ எனச் சிலர் வினவுதல் கூடும். இவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயின், அறத்தைக் கதையின் இறுதியில் தனியே எடுத்துக் கூறுதலும், கதையே அறமாக அமைதலும் வேறு வேறு. ‘இக்கதையால் அறியப்படும் நீதி யாது?’ என்று ஒவ்வொரு கதையின் இறுதியிலும் வினவும் வழக்கம், கதையைத் தேர்வுத்தாள் ஆக்கிவிடுகிறது. இரண்டு முறை வினவப்பட்ட குழந்தை மூன்றாம் முறை கதையைக் கேளாது. வரப்போகும் வினாவையே எண்ணியிருக்கும். கவிமணியின் கன்று நமக்குக் காட்டுவது, கூறப்படாத அன்பு கூறப்பட்டதினும் ஆழப் பதியும் என்பதே.

‘நகையும் மீள வருதலும் மிகுந்தால் நூல் தரம் குன்றும்’ என்பது மற்றொரு தடை. மீள வருதலைக் குற்றமாகக் கருதுவோர், கூறியது கூறல் என்னும் நூற்குற்றத்தை நினைவிற்கொண்டு பேசுகின்றனர். அக்குற்றம் நூலுக்குரியது, பாட்டுக்கும் கதைக்கும் உரியதன்று. ஐங்குறுநூற்றில் பத்துப் பாடல்களும் ஒரே தொடரை மீளப் பெற்று வருதலைக் குற்றமாகக் கொள்வார் எவருமில்லை. குழந்தை ஒரே நூலை இருபது முறை கேட்க விரும்புவதும் அறியாமையன்று. முதல்முறை கதையை அறிகிறது, பின்வரும் முறைகளில் மொழியை அறிகிறது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து, சிறார் நூலை மதிப்பிடுதற்கு மூன்று அளவைகள் போதரும். உரக்கப் படிக்குங்கால் நாவிற்கு இடறாமல் செல்கிறதா என்பது ஒன்று. குழந்தை உடன்சொல்லுதற்கு, ஒலியாலோ வினாவாலோ வரிசையாலோ, இடம் தருகிறதா என்பது மற்றொன்று. முடிவு தெரிந்தபின்னும் மீண்டும் கேட்கத் தூண்டுகிறதா என்பது மூன்றாவது. கருத்தின் உயர்வு இவற்றோடு கூடி நிற்பின் சிறப்பு. இவையின்றித் தனித்து நிற்பின், நூல் பெரியோரால் வாங்கப்படும், சிறாரால் திறக்கப்படாது.

படித்துக் காட்டுவோர்க்கும் இவ்வளவைகளே வழிகாட்டும். சொல்லைத் தவறாகக் கூறினால் உடனே திருத்தாமல், சரியான சொல்லைத் தாம் மீண்டும் ஒலித்துச் செல்லுதல். கதை முடிந்தபின் வினாத்தொடுக்காமல், குழந்தை வினவும்வரை காத்திருத்தல். அதே நூலைக் கேட்டால் அதனையே எடுத்தல். சோர்வு தோன்றுமுன் நிறுத்துதல் ஆகியன எவர்க்கும் இயல்வன. எழுதப் படிக்க அறியாத பாட்டியும் இப்பணிக்கு உரியவரே. ஈயின் கதையை அவர் சொல்ல, அதனையே அச்சில் கண்ட குழந்தை, ‘இது பாட்டி கதை’ என்று நூலைத் தழுவிக்கொள்ளும்.

இத்துறையில் அண்மைக் காலத்தில் நற்குறிகள் சில தோன்றியுள்ளன. சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்திற்குத் தனிப்பரிசு வழங்கிவருகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிகளில் சிறு நூல்களை வகுத்தது. படிகளின் பெயர்களும் ஏவலே. ஆயினும் அவை குழந்தை தானே செய்ய விரும்பும் செயல்கள். இந்நூல்களையும், இவை போன்ற பிறவற்றையும், வகுப்பறையில் உரக்கப் படித்து, குழந்தை எவ்விடத்து உடன்சொல்கிறது, எவ்விடத்து நகைக்கிறது, எவ்விடத்து எழுந்து செல்கிறது எனக் குறித்து ஆராய்தல் தமிழ்த்துறைகளின் கடமை. வீட்டு வழக்கில் எஞ்சியுள்ள கதைகளை, சொல்வோர் வாழும் காலத்திலேயே அவர்தம் குரலோடு தொகுத்தலும் அதனோடு சேர்ந்த கடமையாம்.

சங்கப் பாடல்களுக்கும் காப்பியங்களுக்கும் உரை காணும் நாம், அவற்றைப் படிப்போர் நாளை இருப்பர் என்னும் நம்பிக்கையோடு உழைக்கிறோம். அப்படிப்போர் இன்று மூன்று வயதினராய், யாரேனும் ஒருவர் நூலைத் திறந்து அருகில் அமர்வாரா என்று எதிர்நோக்கி இருக்கின்றனர்.